புள்ளி நின்ற மூன்று நாட்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் வேளை. பகல் முழுவதும் பெய்த மழை அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. விறாந்தையில் அமர்ந்து மாணாக்கரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் ஓசை கேட்டு நிமிர்ந்தேன். என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். தலை நனைந்திருந்ததை அவள் உணரவில்லை. கையில் இருந்த கைத்தொலைபேசியை மட்டும் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"அண்ணன், தம்பிட புள்ளி மூணு நாளா ஒரே இடத்தில நிக்குது" என்றாள்.

தம்பி என்று அவள் சொன்னது தன் ஒரே மகனை. எனக்கு மருமகன். இருபத்துநான்கு வயது. சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில், நிலம் அளக்கும் கம்பனி ஒன்றிற் சாரதியாக வேலை. போன நாள் முதலாகத் தான் இருக்கும் இடத்தைத் தாயின் தொலைபேசியில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்து கொடுத்திருந்தான். அவளும் சமைக்கும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்து வந்தாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தப் புள்ளி ஒரு பெருந்தெருவின் முடிவில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"எங்க போறன் எண்டு சொன்னவனா?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போறன் எண்டான். வேற என்ன சொல்லுவான்?"

நான் ஒருவாறு தைரியம் சொல்லிக்கொண்டிருக்கையில், அடுத்த வளவுக் காக்கா வந்து சேர்ந்தார். சந்தியிற் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் சவூதியில் லொறி ஓட்டியவர். தொலைபேசியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார். "தங்கச்சி, இதுக்கு அங்கால மணல் காடு. டவர் இல்ல. வெளிய வந்தா பேசுவான். நாங்க அங்க கிடந்த காலத்தில கசற்றில பேசி அனுப்புவம். அது வீட்டுக்கு வந்து சேர மூணு கிழமை போகும். எங்கட உம்மாமார் உயிரோடதானே இருந்தாங்க?" என்றார். தங்கை சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பையன் பேசினான். முகாம் மணற்காட்டுக்குள் இருந்ததாம், அங்கே தொலைபேசி எடுபடாதாம், சொல்ல மறந்துவிட்டானாம். தாய் அழுது முடித்த பின் என்னிடம் திரும்பிக் கேட்டாள்: "அப்ப இந்தப் புள்ளி எதுக்கு அண்ணன்?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிப் பார்க்கிறேன். எம்மவருள் இன்று கடல் கடந்த பிள்ளை இல்லாத வீடு எது? ஆகையால் இது என் தங்கை ஒருத்திக்கு மட்டும் உரிய விடையன்று.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். கைத்தொலைபேசி வைத்திருப்பவனை ஆகாயத்திலிருந்து செய்மதி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று படித்தவர்களே நம்புகின்றனர். அப்படியன்று. ஜீ.பீ.எஸ். என்னும் அமெரிக்கச் செய்மதிகள் முப்பதளவில், ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுற்றி வருகின்றன. அவை செய்வதெல்லாம், "நான் இன்ன செய்மதி, இப்போது நேரம் இவ்வளவு" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பதே. நான்கு செய்மதிகளின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த காலத்தைக் கணக்கிட்டு, தான் இருக்கும் இடத்தைத் தொலைபேசியே கண்டுகொள்கிறது. செய்மதிக்கு நம்மைத் தெரியாது. மட்டக்களப்பு வெளிச்சவீட்டின் ஒளியைப் பார்த்துத் தோணிக்காரன் தான் நிற்கும் இடத்தை அறிகிறான். வெளிச்சவீட்டுக்குத் தோணிக்காரனைத் தெரியுமா? அதுபோலத்தான்.

ஆகவே மணற்காட்டின் நடுவிலும் மருமகனின் தொலைபேசிக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்ததைத் தாய்க்குச் சொல்ல வழியில்லை. முகவரியைச் சரியாக எழுதி உறையை ஒட்டியாயிற்று. எடுத்துச் செல்லத் தபாற்காரன் இல்லை. தொலைபேசிக் கோபுரந்தான் அந்தத் தபாற்காரன். கோபுரம் தீர்ந்த இடத்திற் புள்ளி நிற்கும். நின்ற புள்ளி "இங்கே இருக்கிறான்" என்று பொருள்படாது. "கடைசியாக இங்கேயிருந்து பேசினான்" என்பதே அதன் பொருள். இவ்வளவும் தெரிந்திருந்தால் என் தங்கை மூன்று இரவு விழித்திருக்க வேண்டியதில்லை.

பெட்டிகளிலும் சாவிக் கொத்திலும் மாட்டும் சிறு வில்லைகள் இப்பொழுது கடைகளில் வந்துள்ளன. அப்பிள் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வில்லை அவற்றுட் பிரசித்தமானது. அவற்றைப் பிள்ளையின் பையில் வைத்தனுப்பினால் போதும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். அந்த வில்லை தானாகத் தூரத்துக்குப் பேசாது. பக்கத்திற் போகிறவர்களின் தொலைபேசிகளே அதன் இருப்பை அறிந்து செய்தி கொண்டு செல்ல வேண்டும். விமான நிலையத்தில் தவறிய பெட்டியைத் தேட அது மெத்தவும் உதவும். மனிதர் நடமாட்டமற்ற பாலையில் அது வெறும் சட்டைப் பொத்தான்.

அப்படியானால் கோபுரம் இல்லாத இடத்திற்கு என்ன உண்டு? இரண்டு வகை உண்டு. இரண்டின் பின்னாலும் ஒரு நல்ல கதை இருக்கிறது. மாணாக்கர் இதைச் சற்றுக் கவனித்து வாசிக்க வேண்டுகிறேன்.

1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி சோவியத் ஒன்றியம் முதலாவது செயற்கைச் செய்மதியாகிய ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ஆய்வுகூடம் ஒன்றில் வில்லியம் கையர், ஜோர்ஜ் வைஃபென்பாக் என்னும் இரு இளம் பௌதிகவியலாளர்கள் அதன் ஒலியைக் கேட்கத் தொடங்கினர். கல்முனைப் பிரதான வீதியில் ஒலியெழுப்பிக்கொண்டு வரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மை நோக்கி வரும்போது சுருதி கூடியிருக்கும். கடந்து போகும்போது குறையும். டொப்ளர் விளைவு என்று நாங்கள் வகுப்பிற் படிப்பிப்பது இதுவே. ஸ்புட்னிக்கின் ஒலி எப்படிக் குறைகிறது என்பதை மட்டும் அளந்து, அது செல்லும் பாதையை அவ்விருவரும் கணித்துவிட்டனர். அடுத்த ஆண்டு அவர்களுடைய தலைவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்: செய்மதியின் பாதை தெரிந்திருந்தால், தரையிற் கேட்பவன் இருக்கும் இடத்தைச் சொல்லலாமே! ஜீ.பீ.எஸ்.க்கு முன்னோடியாகிய கப்பல் வழிகாட்டிச் செய்மதிகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

இன்னொரு படி போனால், கேட்பது செய்மதியாகவும் கூப்பிடுவது தரையில் விழுந்து கிடப்பவனாகவும் இருக்கலாம் அல்லவா? அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் 1979 இல் இதற்காக உடன்பாடு செய்துகொண்டன. கொஸ்பாஸ்-சார்சாற் என்பது அந்த அமைப்பின் பெயர். ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1982 ஜூன் மாதம் முதற் செய்மதி ஏறியது. அது சோவியத் செய்மதி. செப்டெம்பரிற் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் காட்டில் விழுந்த சிறு விமானம் ஒன்றிலிருந்து வந்த அபாயக் குரலை அது கேட்டுக் காட்டிக்கொடுத்தது. மூவர் உயிர் தப்பினர்.

அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. கைக்கு அடக்கமான ஒரு கருவி. அபாய வேளையில் அதன் அலைவாங்கியை நிமிர்த்தி விசையை அழுத்தினால், 406 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ ஐம்பது விநாடிக்கு ஒருமுறை கூப்பிடும். ஆளோடு கொண்டு செல்லும் வகை ஒரு நாளாவது தொடர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது விதி; படகிற்குரியது இரண்டு நாள். மாதக் கட்டணம் கிடையாது. நம் பக்கத்துக் கடலிலிருந்து போகும் குரலைக் கேட்டு இலங்கைக்கு அறிவிக்கும் நிலையம் பெங்களூரில் இருக்கிறது. ஆனால் ஒன்று: கருவியை வாங்கியவர் தமது பெயரையும் வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தையும் உரிய அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாத கருவி கூப்பிட்டால், கூப்பிடுவது யார், மெய்யான அபாயமா என்று விசாரிப்பதிலேயே நேரம் போய்விடும்.

மற்றது செய்மதி வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் வல்ல கருவி. கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் அவ்வகையைச் சேர்ந்தது. இரிடியம் என்னும் அறுபத்தாறு செய்மதிகள், ஏறத்தாழ 780 கிலோமீற்றர் உயரத்தில் நின்று இதற்குத் தபாற்காரர் வேலை பார்க்கின்றன. "சுகம், நாளை திரும்புவேன்" என்று நான்கு சொல் எழுதலாம். வீட்டார் பதில் எழுதலாம். விலை நமது ரூபாயில் இலட்சத்தைத் தொடும்; கட்டணமும் தனி. அண்மைக் காலத்து விலையுயர்ந்த கைத்தொலைபேசிகள் சிலவற்றிலும் செய்மதி வழியே அபாயச் செய்தி அனுப்பும் வசதி 2022 முதல் வந்திருக்கிறது. ஆனால் குறித்த சில நாடுகளுக்குள் மட்டுமே அது வேலை செய்யும். கடைக்காரர் அதைச் சொல்லாமலே விற்பார்.

இவை மெய்யாகவே உயிர் காக்குமா என்று கேட்பவர்க்கு 2018 ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். அபிலாஷ் டோமி என்னும் இந்தியக் கடற்படை அதிகாரி, தனியாகப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றிற் கலந்துகொண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த உபகரணங்களை மட்டும் கொண்டே வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அப்பந்தயத்தின் நிபந்தனை. ஆனால் அபாயத்திற்கென்று செய்மதிக் கருவிகள் ஒவ்வொரு படகிலும் இருந்தன. அவற்றை வைத்திருக்கும்படி விதித்தவர்களைப் பழைமைவாதிகள் என்று சொல்ல முடியாது. செப்டெம்பர் 21 ஆம் திகதி, தென் இந்து சமுத்திரத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தூரத்தில், புயல் அவருடைய படகைப் புரட்டிப் பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பு சிதைந்து எழுந்திருக்க முடியாமல் படுக்கையிற் கிடந்தார். கிடந்தபடியே கருவியில் நிலைமையைத் தட்டி அனுப்பினார். கன்பராவிலுள்ள மீட்பு நிலையம் ஒழுங்குகளைச் செய்தது. இந்தியக் கடற்படை விமானம் மொரீசியசிலிருந்து பறந்து படகைக் கண்டது. ஒசிரிஸ் என்னும் பிரெஞ்சு மீன்பிடிக் காவற்கப்பல் 24 ஆம் திகதி அவரைத் தூக்கி எடுத்தது. மூன்று நாட்கள்! என் தங்கை விழித்திருந்த அதே மூன்று நாட்கள். ஆனால் அங்கே தேடியவர்களுக்கு இடம் தெரிந்திருந்தது. ஆள் உயிரோடு இருப்பதும் தெரிந்திருந்தது. அதே மனிதர் 2022 இல் மறுபடியும் அந்தப் பந்தயத்திற்குப் போய் இரண்டாவதாக வந்தார் என்றால், கடற்பைத்தியத்திற்கு மருந்தில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுபுறத்தையும் சொல்லாமல் விட இயலாது. 2024 ஓகஸ்ட் மாதம், சவூதியில் வேலை செய்த தெலுங்கானா இளைஞர் ஒருவரும் அவருடைய சூடான் நாட்டுக் கூட்டாளியும் றப் அல் காலிப் பாலையில் வழி தவறினர். வழிகாட்டும் ஜீ.பீ.எஸ். செயலிழந்ததென்றும், தொலைபேசியின் மின்கலம் தீர்ந்ததென்றும், வாகனத்தில் எரிபொருளும் முடிந்ததென்றும் செய்திகள் கூறின. நாட்கள் சில சென்ற பின் வாகனத்தின் அருகே இருவரையும் சடலங்களாகக் கண்டெடுத்தனர். அந்தப் பாலை நம் இலங்கையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பரப்புடையது. அவர்கள் தேடிப் போனது சாகசமன்று, கம்பனியின் வேலை. அந்தச் செய்தியை நான் தங்கையிடம் சொல்லவில்லை. காக்காவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, "சேர், ரெண்டு டயர் கூட, நாப்பது லீற்றர் தண்ணி கூட. இதில்லாம நான் தார் றோட்ட விட்டு இறங்கினதில்ல. தனி வண்டியா இறங்கினதுமில்ல" என்றார். பழுதான வாகனத்தை விட்டு நடந்து போகக் கூடாது என்பதையும் அவர் வற்புறுத்தினார். மேலிருந்து தேடுபவனின் கண்ணுக்கு வாகனம் தெரியும், மனிதன் தெரியமாட்டான். செய்மதிக் கருவியைப் பற்றிப் பேச வந்த நான், தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்று. இத்தகைய இடங்களுக்கு ஊழியரை அனுப்பும் கம்பனியே செய்மதித் தொலைபேசியும் அபாயக் கருவியும் கொடுக்க வேண்டும். தாய் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கும் பொருளன்று அது. உடன்படிக்கையிற் கையொப்பமிடும்போது சம்பளத்தைக் கேட்கிற பிள்ளைகள், "கோபுரம் இல்லாத இடத்தில் எதைக் கொண்டு பேசுவது?" என்றும் கேட்கட்டும். கேட்பதனால் வேலை போய்விடுமெனில், அந்த வேலையின் இலட்சணம் புறப்படுமுன்பே தெரிந்ததாயிற்று.

நிற்க. நம்மவர் யாத்திரையாக இந்தியாவுக்கும் இமயமலைப் பக்கத்துக்கும் பெருவாரியாகப் போகின்றனர். அன்பின் மிகுதியால் இன்ரீச் போன்ற கருவியைத் தாய் தந்தையரின் பையில் வைத்தனுப்பி விடாதீர்கள். இந்தியாவிற் செய்மதித் தொலைபேசியையும் இத்தகைய கருவிகளையும் தொலைத்தொடர்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். 1885, 1933 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அடிப்படையாக இருந்தன. 2008 ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின் கெடுபிடி கூடியது. 2024 டிசெம்பரிற் கோவா விமான நிலையத்திற் கனடா நாட்டுப் பெண்ணொருவர் தமது மலையேற்றக் கருவியுடன் பிடிபட்டு, நீதிமன்றம் சென்று தண்டப்பணம் கட்டினார். காப்பாற்ற வாங்கிய கருவி விலங்கு பூட்டிய கதை! வேறு நாடுகளிலும் இவ்வாறான விதிகள் உண்டு. போகும் நாட்டின் தூதரகத்தைக் கேட்டறிவதே முறை. இலங்கைக்குள்ளும் செய்தி அனுப்பும் வானொலிக் கருவிகளைக் கொண்டு வருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி தேவை.

அமர்நாத் யாத்திரையில் 2022 முதல் யாத்திரிகர் ஒவ்வொருவர்க்கும் ஓர் அட்டை கழுத்திற் கட்டப்படுகிறது. பலர் அதனையும் வழி முழுவதும் காட்டும் கருவி என்றே எண்ணுகின்றனர். வாயில்களைக் கடக்கும்போது மட்டும் அது பதிவாகும். இன்னார் இன்ன வாயிலைத் தாண்டினார், அடுத்த வாயிலுக்கு இன்னும் வரவில்லை என்பதை அறியலாம். பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சிறிய உதவியன்று.

நம் கரையையும் மறக்கலாகாது. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. கட்டுப்பாடின்றி ஆழ்கடலில் மீன் பிடிக்கப்படுகிறது என்பது குற்றச்சாட்டு. அதன்பின் நெடுநாட் படகுகளிற் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தினர். 2016 இல் தடை நீங்கியது. படகுக்காரர் களவு செய்கிறார்களா என்று பார்க்க வைத்த கருவி, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கவும் உதவும் என்பதை அதிகாரிகளை விடப் படகுக்காரரின் மனைவிமார் முன்னதாகவே உணர்ந்திருப்பர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவரை வாரிக்கொண்டபோது, தொலைபேசி எட்டாத தூரத்தில் நின்ற படகுகளுக்கு எச்சரிக்கையைச் சேர்ப்பிக்க வழி இருக்கவில்லை. அதன் பின்னரே இந்திய விண்வெளி நிறுவனத்தார் கரையிலிருந்து படகுக்குச் செய்தி சொல்லும் கருவியைப் பரப்பத் தொடங்கினர். ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் இப்படி ஒரு பிரேதக் கணக்கு இருக்கவே செய்கிறது.

இனித் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். புள்ளி எதற்கு? தேட வேண்டி நேர்ந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அறிவதற்கு. இருபத்துநான்கு மணி நேரமும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அன்று. அப்படிப் பார்ப்பதனாற் பிள்ளைக்குப் பாதுகாப்புக் கூடுவதில்லை. தாய்க்கு இரத்த அழுத்தந்தான் கூடும். வளர்ந்த பையன் எந்தக் கடையில் எத்தனை நிமிடம் நின்றான் என்று கேட்கத் தொடங்கினால், ஒரு நாள் அவன் புள்ளியை அணைத்துவிடுவான். அணைத்த நாளில் அவனுக்கு உண்மையாகவே ஏதும் நேர்ந்தால் அறிய வழியிராது.

ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை மருமகனைத் தொலைபேசியில் அழைத்து, தாயும் நானும் காக்காவும் கூடியிருந்து ஓர் ஒழுங்கு செய்தோம். கோபுரம் எட்டாத இடத்துக்குப் போகுமுன் ஒரே ஒரு செய்தி: போகும் இடம், வாகன இலக்கம், கூட வருபவர் பெயர், திரும்பிப் பேசும் நாளும் நேரமும். சொன்ன நேரத்திலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வரை தாய் பதறக் கூடாது. மேஸ்திரிக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு தாண்டினால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது. முதலில் முகாம் மேற்பார்வையாளர்; அடுத்தது கம்பனியின் காரியாலயம்; அங்கே விடையில்லையெனில் றியாத்திலுள்ள இலங்கைத் தூதரகமும், இங்கே வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் இலக்கமும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். தொலைபேசி பழுதானாலும் தாள் பழுதாகாது என்று காக்கா சொன்னார். அவருடைய கடையிலிருந்தே பசையும் வந்தது.

தங்கை தாளை இரண்டு முறை வாசித்தாள். அலுமாரிக் கதவின் உட்புறத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒட்டப் போனவள், மறுபடியும் என்னிடம் கொண்டு வந்தாள்.

"கூட ஓடுற பொடியன்ட பேரும் எழுதியிருக்கு. அவன்ட வீட்டு நம்பரையும் கேட்டு எழுதுங்க அண்ணன். எந்த நாடோ, அவனுக்கும் ஒரு தாய் இருப்பாதானே."

அந்த இலக்கம் மருமகனுக்குத் தெரியாதாம். இன்று இரவு கேட்டுச் சொல்வதாக இருக்கிறான். தாளின் அடியில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.